நர்ஸுக்கு எதற்கு எம்.பி.ஏ. என்று கேட்பவர்களுக்கு

1

ஊரிலிருந்து போனில் பேசுகிறவர்கள் நலம் விசாரித்து முடித்ததும் இப்போதெல்லாம் ஒரே கேள்விக்குத்தான் வந்து நிற்கிறார்கள். "ஏம்பா, உன் வூட்டுக்காரம்மா நர்ஸுதானே? அதுக்கு எதுக்கு எம்.பி.ஏ.?" நான் "சும்மாதாங்க, படிக்கணும்னு ஒரு ஆசை" என்று சொல்லிவிட்டு, அங்கே மழை உண்டா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். எனக்குப் போனில் விளக்கமாகப் பேச வராது. நேரிலும் வராது. திண்டிவனத்தில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்ததோடு சரி. எழுதுவதில் ஒரு வசதி, யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். எங்கள் சொந்தத்திலேயே நாலைந்து பெண்கள் நர்சிங் படிக்கிறார்கள். அவர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இங்கிலாந்துக்கு வந்து இந்த மாதத்தோடு பதினோரு வருடம் ஆகிறது. வடக்கே ஒரு சின்ன ஊர். என் மனைவி மகேஸ்வரி இங்குள்ள ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்குக் கிடைத்த விசாவில் கூட வந்தவன் நான். அதே ஆஸ்பத்திரியின் சமையலறையில் எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. அடித்தளத்தில் இருக்கும் சமையலறையிலிருந்து மதியச் சாப்பாட்டை ஆள் உயர வண்டியில் அடுக்கி, லிஃப்டில் ஏற்றி, நாலாவது மாடிக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அது வயதானவர்களின் வார்டு. மகேஸ் வேலை செய்வதும் அங்கேதான். வண்டி உள்ளே போனதும் எல்லா நர்சுகளும் சொல்வதுபோல அவளும் "தேங்க்யூ" என்பாள். நானும் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிவிடுவேன். வீட்டில் அப்படிச் சொல்லிக்கொள்கிற வழக்கம் எங்களுக்குள் கிடையாது.

2

கல்யாணமான புதிதில் மகேஸ் விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நாங்கள் குடியிருந்தது திண்டிவனத்தில். தினமும் பஸ்ஸில் போய் வருவாள். வேலை முடியும் நேரத்துக்கு நான் சில நாள் போய் வாசலில் நிற்பேன். அப்படி நின்ற ஒரு நாள் உள்ளே ஒரே பரபரப்பு. மறுநாள் எங்கிருந்தோ பார்வையிட வருகிறார்களாம். அலமாரியில் பூட்டி வைத்திருந்த புதிய படுக்கை விரிப்புகள் வெளியே வந்தன. ஓடாத மின்விசிறிக்குக் கீழே இருந்த கட்டிலை ஓடுகிற விசிறிக்குக் கீழே இழுத்துப் போட்டார்கள். சீனியர் நர்ஸ் லட்சுமி அக்கா இளம்பெண்களை வரிசையாக நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா கேட்டாலும் இருக்குதுங்க சார்னு சொல்லணும். குறை எதனா இருக்குதான்னு கேட்டா?"

"இல்லீங்க சார்" என்றார்கள் எல்லோரும்.

"சிரிச்சிக்கினே சொல்லுங்கடி. அழுவுற மாதிரி சொன்னா நம்புவாங்களா?"

இதை ஏமாற்று வேலை என்று யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. வெளியாள் வந்து கேட்டால் வீட்டுக் குறையை யாராவது சொல்வார்களா? கூட வேலை செய்கிறவரைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதுதான் நல்ல குணம் என்று எங்களுக்குத் தெரியும். மகேஸ் அந்தக் குணத்தோடுதான் விமானம் ஏறினாள்.

3

நாலு வருடத்துக்கு முன்னால் அந்த வார்டுக்கு மேனேஜர் வேலை காலியானது. வார்டின் நர்சுகள், அவர்களின் டூட்டி, செலவு, நோயாளிகளின் புகார் எல்லாவற்றுக்கும் பொறுப்பு அந்த ஒருவர்தான். மகேஸுக்கு அங்கே எல்லாரையும் விட அனுபவம் அதிகம். கூட இருந்தவர்களே நீ போடு நீ போடு என்று சொல்லி விண்ணப்பிக்க வைத்தார்கள்.

நேர்காணலுக்குப் போய்விட்டு வந்தவள் சந்தோஷமாக இருந்தாள். சாம்பார் கொதிக்கும்போது ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"உங்க வார்டுல எது சரியில்ல, நீங்க வந்தா எதை மாத்துவீங்கன்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"எல்லாம் நல்லாத்தான் நடக்குது, எல்லாரும் நல்லா வேலை செய்றாங்கன்னு சொன்னேன். யாரைப் பத்தியும் ஒரு வார்த்தை தப்பா சொல்லலங்க."

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. எங்கள் மகள் யாழினிக்கு அப்போது பத்து வயது. இங்கேயே வளர்ந்தவள். தமிழ் புரியும், பதில் மட்டும் பாதி ஆங்கிலத்தில் வரும். அவள் சாப்பாட்டு மேசையிலிருந்து நிமிர்ந்து பார்த்து, "ஆனா அம்மா, நீ டெய்லி வீட்டுக்கு வந்து கம்ப்ளெயின் பண்றியே" என்றாள். பெரியவர்கள் பேசும்போது நடுவில் வராதே என்று அதட்டிவிட்டேன்.

அந்த வேலை வேறு வார்டிலிருந்த ஒரு இளம்பெண்ணுக்குப் போனது. காரணம் கேட்டால் இங்கே மறைக்காமல் சொல்வார்கள். மகேஸ் கேட்டாள். நோயாளிகளிடம் அவள் காட்டும் அன்பில் யாருக்கும் சந்தேகம் இல்லை, ஆனால் வார்டில் எது தவறாக நடக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவராக அவள் தெரியவில்லை என்று மென்மையாகச் சொன்னார்களாம்.

"பார்க்கத் தெரியாதாம் எனக்கு" என்றாள் என்னிடம். அதைச் சொன்னபோது அவள் குரல் எப்படி இருந்தது என்று எழுத எனக்கு வராது.

அவளுக்குப் பார்க்கத் தெரியும். என்ன பார்த்தாள் என்றும் எனக்குத் தெரியும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் இன்சுலின் போடுவார்கள். போட்ட பிறகு சாப்பாடு தாமதமானால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்க்கும், வயதானவர்கள் மயங்கிக்கூட விழுவார்கள். அவள் வார்டில் இது அடிக்கடி நடந்தது. ஒவ்வொரு முறையும் பழச்சாறு கொடுத்துச் சமாளித்தார்கள். காரணம், சாப்பாட்டு வண்டி சொன்ன நேரத்துக்கு வராததுதான். அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது நான்.

4

படிப்பு யோசனை அதற்குப் பிறகுதான் வந்தது. பகுதி நேர எம்.பி.ஏ., மருத்துவமனை நிர்வாகம் சேர்ந்தது, பெரும்பாலும் வீட்டிலிருந்தே படிக்கலாம். சேருவதற்குள் உயிர் போய்விட்டது. நர்சிங் சான்றிதழில் அவள் பெயர் கே. மகேஸ்வரி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் சேர்ந்து மகேஸ்வரி கலியமூர்த்தி. இருவரும் ஒருவர்தான் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். கண்டமங்கலத்தில் இருக்கும் அவள் அண்ணன் சேகர், புதுச்சேரி கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு விழுப்புரத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்தார்.

"மாப்ள, எந்தங்கச்சி எந்தங்கச்சிதான்னு எழுதி வாங்க நான் படுற பேஜாரு இருக்குதே" என்று போனில் புலம்பினார். "இம்மாம் படிச்சி இன்னா பண்ணப் போவுது? ஆஸ்பத்திரியவே வாங்கப் போவுதா?"

இரண்டரை வருடம் படித்தாள். விடுமுறை நாட்களில் மதியம் முழுக்க அவள் மேசையில் இருப்பாள், நான் துணி மடிப்பேன். முதலில் கணக்குப் பாடம் அவளை மிரட்டியது. வார்டுக்கு ஒதுக்கிய பணம் எங்கே போகிறது என்று படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். தற்காலிக ஆட்களுக்குக் கொடுப்பதைவிட நிரந்தரமாக ஒருவரை வைத்தால் நோயாளிக்கும் நல்லது, செலவும் குறைவு என்று மேலே இருப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதத் தெரிய வேண்டும். "ஆள் பத்தலன்னு பத்து வருஷமா வாயால சொன்னேன். யாரும் கேக்கல. இப்ப அதையே எழுதி அனுப்புனா பதில் வருது" என்றாள்.

ஆனால் அவளை மாற்றியது வேறு ஒரு பாடம். ஒரு வேலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, நடுவில் எங்கெங்கே காத்து நிற்கிறது என்று படமாக வரைய வேண்டும். அவள் எங்கள் சாப்பாட்டு வண்டியை வரைந்தாள். அதற்காக என்னை எதிரில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். சாப்பாடு சரியான நேரத்துக்குத் தயாராகிறது. வண்டி லிஃப்டுக்கு வருகிறது. அங்கே துணி துவைக்கும் கம்பெனியின் கூண்டு வண்டிகளும் அதே நேரத்துக்கு வருகின்றன. பெரிய லிஃப்ட் ஒன்றுதான். யார் முந்திக்கொள்கிறார்களோ அவர்கள் போவார்கள். சண்டை போடத் தெரியாததால் நான் பெரும்பாலும் நின்றுகொண்டிருப்பேன். இந்த நிற்பது படத்தில் ஒரு சின்னக் கட்டமாக இருந்தது.

"இதுல யார் மேல தப்பு?" என்று கேட்டேன்.

"யார் மேலயும் இல்லீங்க. துணிக்காரங்களுக்கு அந்த நேரம்தான்னு எவனோ எப்பவோ போட்டுக் குடுத்தான். நீங்க போவறது அவனுக்குத் தெரியாது. வார்டுல ஊசி போடறது உங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. மூணையும் சேத்துப் பாக்கத்தான் ஒரு ஆள் வேணும்."

நர்சுக்கு எதற்கு எம்.பி.ஏ. என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான். ஊசி போடவோ, நோயாளியின் முகத்தைப் பார்த்தே உடம்பு சரியில்லை என்று சொல்லவோ அந்தப் படிப்பு கற்றுத்தரவில்லை. அது அவளிடம் ஏற்கெனவே இருந்தது. அந்தப் பட்டம் இல்லாமலேயே இங்கே மேனேஜர் ஆனவர்களும் இருக்கிறார்கள். பட்டம் வாங்கியதும் யாரும் கூப்பிட்டு நாற்காலி போடுவதும் இல்லை. குறை சொல்வது வேறு, ஆளைக் காட்டிக்கொடுப்பது வேறு என்பதை மகேஸ் அதில்தான் கற்றுக்கொண்டாள்.

5

போன ஆடி மாதம் ஊருக்குப் போயிருந்தோம். போய்ச் சேர்ந்த வாரத்திலேயே மின்னஞ்சல் வந்தது. போன முறை வேலை கிடைத்த இளம்பெண் வேறு ஊருக்குப் போகிறார், மேனேஜர் வேலை மறுபடி காலி, கிளம்பும் முன்பே விண்ணப்பித்திருந்த மகேஸுக்கு வீடியோ மூலம் நேர்காணல். இந்திய நேரப்படி மதியம் இரண்டரை மணி.

திண்டிவனத்தில் என் தம்பி வீட்டில் தங்கியிருந்தோம். தெருமுனையில் மாரியம்மன் கோயில், கூழ் வார்க்கும் விழா, வாசலுக்கு நேராக ஒலிபெருக்கி. வீட்டுக்குள் பேசுவதே கேட்கவில்லை. லட்சுமி அக்கா இன்னும் அதே விழுப்புரம் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். நர்சுகள் ஓய்வெடுக்கும் அறையில் நெட் நன்றாக வரும், வந்துவிடு என்றார்.

பஸ்ஸில் யாழினி ஜன்னலோரம் உட்கார்ந்து காதில் பாட்டு மாட்டிக்கொண்டாள். இப்போது அவளுக்குப் பதினாலு வயது. சுங்கச்சாவடி தாண்டியதும் மகேஸ் என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாங்க, அதே கேள்விய கேப்பாங்க. உங்க வண்டியத்தான் சொல்லப் போறேன்."

நான் சமையலறையைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் கம்பெனியின் ஆள். வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை. என்னோடு இருப்பவர்கள், பொண்டாட்டியை விட்டு மேலே போட்டுக்கொடுத்தான் என்று பேசுவார்கள். எங்கள் சூப்பர்வைசர் சும்மா இருக்க மாட்டார்.

"வேற எதனா சொல்லேன்" என்றேன்.

"வேற இன்னா இருக்குது? ஆளுங்க விழறது அதனாலதான்."

"உனக்கு வேலை கெடைக்கும். எனக்குப் போயிடும்."

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் சொல்லல" என்றாள்.

வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. விழுப்புரம் பஸ் நிலையம் வரைக்கும் எதிர் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் சேகர் மச்சான் ஊரில் மல்லாட்டை என்கிற வேகவைத்த வேர்க்கடலைப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தார். "இன்னா மாப்ள, மூஞ்சி இப்படிக் கீது? இன்டர்வியூ உனுக்கா, தங்கச்சிக்கா?"

லட்சுமி அக்கா அறையைக் கூட்டி மேசை போட்டு வைத்திருந்தார். மகேஸின் தலையை ஒதுக்கிவிட்டபடியே பேசினார். "எங்களுக்கு டூட்டி போட ஒருத்தர் வந்துருக்காரு மகேசு. எம்.பி.ஏ.வாம். நல்ல மனுசன்தான். ஆனா ஒரு நாளும் வார்டுல நின்னது இல்ல. பிரசவ வார்டுக்கு இத்தினி பேரு போதும்னு ரூமுக்குள்ள உக்காந்து கணக்குப் போடுறாரு. நான் சொன்னா, அதெல்லாம் உங்களுக்குப் புரியாது சிஸ்டருங்கறாரு. நீ படிச்சதும் நல்லதுதான். வார்டுல நின்னவ ஒருத்தியாச்சும் அந்தக் கணக்க போடட்டும்."

மகேஸ் கதவைச் சாத்திக்கொண்டாள். நானும் யாழினியும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். நடையில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போக, லட்சுமி அக்கா ஓடிப்போய் வாளியைத் தூக்கினார். "மெதுவாடி. உள்ள லண்டன் பேசிக்கினு இருக்குது."

அது லண்டன் இல்லை என்று யாழினி சொல்ல வாயெடுத்தாள். விட்டுவிடு என்று கையைக் காட்டினேன்.

கதவுக்குப் பின்னால் மகேஸின் ஆங்கிலம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அந்தக் கேள்வி வந்தது. எது சரியில்லை, எதை மாற்றுவீர்கள். அவள் உடனே பேசவில்லை. நெட் போய்விட்டதோ என்று யாழினி எழுந்து கதவுப் பக்கம் போனாள்.

மகேஸ் எதற்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் எழுந்து கதவை லேசாகத் திறந்தேன். அவள் கண் மட்டும் என் பக்கம் வந்தது. சொல் என்று தலையை அசைத்துவிட்டுச் சாத்திவிட்டேன். அதைத் தைரியம் என்று சொல்ல மாட்டேன். அவளை இன்னொரு முறை பார்க்கத் தெரியாதவள் என்று யாரும் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

அவள் சொன்னாள். இன்சுலின், வண்டி, லிஃப்ட், துணிக் கூண்டு எல்லாம் வரிசையாக. யாரைக் குறை சொல்லியும் இது தீராது, மூன்று பேரின் நேரத்தையும் ஒன்றாக வைத்துத் திருத்தினால் தீரும் என்றாள். முடிவில் குரலைத் தாழ்த்தி, "இன்னொன்றும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வண்டியைக் கொண்டு வருபவர் என் கணவர். அதனால்தான் போன முறை இதை நான் சொல்லவில்லை" என்றாள்.

யாழினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, ஆர் யூ ஓகே?" என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, "பயமா இருக்கா?" என்று தமிழில் கேட்டாள். அவள் என்னிடம் முழு வாக்கியமும் தமிழில் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

"கொஞ்சம்" என்றேன்.

6

பதில் வந்தபோது கண்டமங்கலத்தில் மச்சான் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மகேஸ் போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். கை காய்ந்து போகிற அளவுக்கு நேரமானது. திரும்பி வந்து வாசற்படியிலேயே நின்றாள்.

"குடுத்துட்டாங்க."

"இன்னாத்த குடுத்தாங்க?" என்றார் மச்சான்.

"வார்டை."

மச்சான் சாப்பிட்ட கையோடு எழுந்தார். "அப்ப நான் அலைஞ்சி வாங்கியாந்த அந்தக் காயிதம் வீணா போவல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இனிமே நீ அங்க எந்தங்கச்சிக்குக் கீழதானே மாப்ள? இங்க மட்டும் இன்னாவாம்?" என்றார். அவர் மனைவி சிரித்துச் சிரித்து ரசத்தைக் கீழே ஊற்றிவிட்டார்.

7

திரும்பி வந்த பிறகு சமையலறையில் இரண்டு பேர் ஒரு வாரம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, வீட்டு விஷயத்தையும் வேலையையும் தனித்தனியாக வைத்துக்கொள் என்றார். சரி என்றேன். வேலை போகவில்லை. போகாது என்று இப்போதும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மகேஸ் பொறுப்பேற்றதும் முதலில் செய்தது ஒரு கூட்டம். நர்சுகள், சமையலறை, துணிக் கம்பெனி, லிஃப்டைப் பார்த்துக்கொள்பவர், எல்லோரும் வார்டுக்குப் பக்கத்து அறையில் ஒரே மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். வண்டி தள்ளுகிறவர்களும் வர வேண்டும் என்று குறிப்பிட்டு எழுதியிருந்தாள். நான் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் மேனேஜரின் கருநீலச் சீருடையில் எதிர்முனையில் இருந்தாள். வீட்டிலிருந்து ஒன்றாகத்தான் கிளம்பி வந்தோம். அங்கே பார்த்தபோது வேறு யாரோ போல இருந்தாள்.

ஒவ்வொருவராகப் பேசச் சொன்னாள். லிஃப்டுக்காரர் பேசினார். துணிக் கம்பெனிக்காரர், எங்களுக்கு வேறு நேரமே இல்லை என்றார். எங்கள் சூப்பர்வைசர், சமையலறையில் தாமதமே கிடையாது என்றார். அடுத்தது நான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அவளும் பார்த்தாள், ஆனால் பேசவில்லை. என்ன தயக்கம் என்று அங்கே என்னைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது. எங்கள் கல்யாணமான நாளிலிருந்து அவள் என் பெயரை வாயால் சொன்னது இல்லை. ஏங்க, இன்னாங்க, யாழினி அப்பா என்றுதான். விமான நிலையத்தில் அதிகாரி கணவர் பெயர் கேட்டபோதுகூட பாஸ்போர்ட்டைத் திறந்து விரலால் காட்டினாள். இங்கே என்னோடு வேலை செய்கிறவர்கள் என்னை ஏகா என்பார்கள். முழுப்பெயரைச் சொல்ல முயன்றவர்கள் பாதியில் விட்டுவிடுவார்கள்.

"மிஸ்டர் ஏகாம்பரம்" என்றாள். ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள். "உங்கள் வண்டி எங்கே நிற்கிறது என்று சொல்லுங்கள்."

காது சூடாகிவிட்டது. எழுந்து நிற்கப் போனேன். உட்கார்ந்தே பேசலாம் என்று கையால் காட்டினாள். என் ஆங்கிலம் வந்து சேரும்வரை காத்திருந்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

லிஃப்டுக்கு முன்னால் நிற்கிறது என்று சொன்னேன். ஏன் நிற்கிறது என்றும் சொன்னேன்.